‘புட் ஆஃப்’ (put off) படுத்திய பாடு

காவேரிப்பட்டணத்திலிருந்து:
கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பெங்களூரா ரக மாங்கூழ் சாம்பிள் வெளிநாட்டுக்குப் போயிருந்தது. பதில் மெயிலில் ஒரு வரி: ‘தி பையர் வாஸ் புட் ஆஃப் பை தி கலர்’. மேலாளர் படித்துவிட்டு, “தள்ளிப் போட்டிருக்காங்க, தேதி சொல்வாங்க” என்றார். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்த அர்த்தம் அதுதானே! சீசனே முடிந்தது, தேதி வரவில்லை. போன் போட்டுக் கேட்டபிறகுதான் தெரிந்தது, நிறத்தைப் பார்த்ததுமே கூழ் வாங்கவிருந்த ஆளுக்குப் பிடிக்காமல் போயிருக்கிறது. பெங்களூரா கூழ் அல்போன்சா மாதிரி அடர்நிறமாக இருக்காது. இரண்டையும் கலந்து தரட்டுமா என்று உடனே கேட்டிருந்தால் பேச்சாவது நடந்திருக்கும்.

கூட்டம், பயணம், தேர்வு ‘புட் ஆஃப்’ ஆனால் தள்ளிவைப்பு. ஆளே ‘புட் ஆஃப்’ ஆனால் பெரும்பாலும் மனசு விட்டுப்போயிற்று என்று பொருள். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். கடன் கேட்டு வந்தவரைச் சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்புவதும் இதே சொல்தான்.

ஓசூரிலிருந்து:
எங்கள் ஷிப்டில் ‘லைட்டைப் புட் ஆஃப் பண்ணு’ என்றுதான் பேச்சு. தப்பில்லை, அகராதியில் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் வாயில் ‘டர்ன் ஆஃப்’, ‘ஸ்விட்ச் ஆஃப்’தான் அதிகம் கேட்கிறேன்.

பாலக்கோட்டிலிருந்து:
டியூஷன் எடுப்பவன் என்பதால் இரண்டு விஷயம். ‘புட் இட் ஆஃப்’ என்றுதான் சொல்ல வேண்டும், ‘புட் ஆஃப் இட்’ வராது; ‘இட்’, ‘தெம்’ எல்லாம் நடுவில்தான் உட்காரும். அப்புறம், ‘புட் ஆஃப் டு கோ’ என்று பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ‘புட் ஆஃப் கோயிங்’தான் சரி. தேர்வில் மதிப்பெண் போவது இங்கேதான்.

பென்னாகரத்திலிருந்து:
‘கால் ஆஃப்’ பற்றி யாரும் சொல்லவில்லையே? அது ஒரேயடியாக ரத்து. காவிரியில் தண்ணீர் கூடி ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டத் தடை போட்டிருந்த நேரம், பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் மீன் வறுக்கும் அக்காவிடம், “புட் ஆஃபா, கால்டு ஆஃபா?” என்று விசாரித்தார். அக்கா கரண்டியை எடுக்காமலே சொன்னார்: “எல்லாமே ஆஃப்தான் சார். மீன் மட்டும் இருக்கு, எத்தனை வேணும்?”