‘மேலும்’ போட்டும் மகனின் கட்டுரை ஒட்டவில்லை, உதவுங்கள்

கோப்பாய் அம்மா:
மகன் பத்தாம் தரம். கட்டுரைக்கு இரண்டு தடவையும் ‘தொடர்ச்சி இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதி வந்திருக்கிறது. இணைப்புச் சொற்களைப் பாடமாக்கச் சொன்னேன். அதன்பின் எழுதியது இது:

“யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறுகள் இல்லை. மேலும் மக்கள் கிணற்று நீரையே நம்பியிருக்கிறார்கள். ஆகவே நிலத்தின் கீழ் சுண்ணக்கல் உள்ளது. மேலும் மழைநீர் கீழே இறங்குகிறது. எனினும் மின்பம்பியால் அதிகம் இறைக்கிறார்கள். ஆனால் சில கிணறுகள் உவராகிவிட்டன. மேலும் உரமும் நீரில் கலக்கிறது.”

வாசித்தால் எனக்கே மூச்சு முட்டுகிறது. பிழை எங்கே?

வடமராட்சி:
‘மேலும்’ மூன்று இடத்தில் வருகிறது. ஒன்றை ‘அத்துடன்’ என்றும் இன்னொன்றை ‘அன்றியும்’ என்றும் மாற்றிப் பாருங்கள்.

கோப்பாய் அம்மா:
மாற்றினோம். சட்டை மாறியது, ஆள் மாறவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
பிள்ளை, முதலில் எல்லா இணைப்புச் சொற்களையும் பென்சிலால் வெட்டிவிடுங்கள். மிஞ்சுவதை வாசித்து, ஒவ்வொரு வசனத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ‘ஏன்?’ அல்லது ‘அதனால் என்ன?’ என்று மகனைக் கேளுங்கள். பதில் அடுத்த வசனத்தில் இருந்தால் வரிசை சரி. சனங்கள் கிணற்றை நம்புவதால் பூமிக்குள் சுண்ணக்கல் முளைக்காது. ஆகவே அந்த ‘ஆகவே’ பொய். கிணறு உவரானது அதிகம் இறைத்ததன் விளைவு. அதை எதிர்மறைபோலக் காட்டும் ‘ஆனால்’ அதைவிடப் பெரிய பொய்.

‘மேலும்’ சோம்பேறிச் சொல். இன்னொன்று இருக்கிறது என்று மட்டும் சொல்லும்; உறவு என்னவென்று சொல்லாது. தமிழில் வசனத் தொடக்கத்தில் சொல் வைத்துத்தான் இணைக்க வேண்டும் என்றும் இல்லை. ‘இறங்கி’, ‘வந்தபின்’, ‘இறைத்ததால்’ என்று வினையே கை நீட்டி அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். ‘அந்த நீர்’ என்றாலே முன்வசனம் கூட வந்துவிடும். நன்னூல் நூலுக்குரிய பத்து அழகில் ஒன்றாக ‘முறையின் வைப்பு’ என்று சொல்வது இந்த வரிசையைத்தான்.

தோட்டக்காரன்:
இலக்கணம் எனக்குத் தூரம். வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பம்பியால் கிணறு ஏன் உவராகும்? நன்னீரின் அடியில் உவர்நீர் இருக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் மேலே நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். தம்பியின் கட்டுரையில் இந்த விசயமே இல்லையே. இல்லாத படியில் எந்தச் சொல்லை வைத்து ஏறுவது?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நான் தவறவிட்டதைத் தோட்டக்காரர் பிடித்துவிட்டார்.

கோப்பாய் அம்மா:
வசனங்களைத் துண்டுக் கடதாசிகளில் எழுதித் தரையில் பரப்பினோம். தோட்டக்காரர் சொன்னதற்கு ஒரு புதுத் துண்டு. அரை மணித்தியாலம் இடம்மாற்றி இருந்துவிட்டு மகன் எழுதியது:

“யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கல் வெடிப்புகளூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக நிற்கிறது. அந்த நன்னீரைத்தான் நம் கிணறுகள் தருகின்றன. துலாவால் இறைத்த காலத்தில் எடுத்தது கொஞ்சம். மின்பம்பி வந்தபின் இறைப்புக் கூடியதால் உவர்நீர் மேலேறிச் சில கிணறுகளைக் கெடுத்துவிட்டது.”

ஒரு ‘மேலும்’கூட இல்லை! உரத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் துண்டு மேசையில் கிடக்கிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அருமை. உரம் கிணற்றைக் கெடுக்கும் வேறொரு வழி, ஆகையால் அதற்குத் தனிப் பந்தி. ‘உவர் மட்டுமல்ல, தோட்டங்களுக்குப் போடும் உரமும்’ என்று தொடங்கட்டும். இந்தப் பந்திக்குள் திணித்தால் நன்னூல் குற்றமாகச் சொல்லும் ‘மற்றொன்று விரித்தல்’ ஆகிவிடும்.

கோப்பாய் அம்மா:
நன்றி ஐயா. சோதனை மண்டபத்தில் துண்டு பரப்ப எங்கே நேரம் என்று மகன் கேட்கிறான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
துண்டு வேண்டாம். எழுதத் தொடங்குமுன் தாளின் ஓரத்தில் நான்கு சொல் போதும்: மழை, கல், உவர், பம்பி.