மறு: கலைச்சொல் – ‘வேகக் கட்டுப்பாட்டு மின்னழுத்தம்’ வேண்டாம், ‘ஏவல் மின்னழுத்தம்’ ஆகட்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சி.என்.சி. மில்லிங் இயந்திரத்தில் (கணினி நிரலின்படி தானே வெட்டும் இயந்திரத்தில்) கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து, மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து அதன் வேகத்தை மாற்றும் டிரைவுக்குச் சென்று, கதிர் எவ்வளவு வேகத்தில் சுழல வேண்டும் என்று தெரிவிக்கும் 0 முதல் 10 வோல்ட் வரையிலான மின்னழுத்தத்துக்கு ‘வேகக் கட்டுப்பாட்டு மின்னழுத்தம்’ என்ற பெயரே போதும் என்று கீழக்கரை நண்பர் எழுதியிருந்தார். (வெட்டுளியைப் பிடித்துச் சுழலும் ஸ்பிண்டிலுக்கு நூற்பாலைச் சொல்லான ‘கதிர்’ என்பதை முன்பே ஏற்றுக்கொண்டோம், அதை மீண்டும் கிளற வேண்டியதில்லை.) அவருடைய விளக்கத்தை இருமுறை படித்தும் என்னால் உடன்பட இயலவில்லை. அந்தத் தொடர் கட்டுப்படுத்துகிற மின்னழுத்தத்தையும் குறிக்கும், கட்டுப்படுத்தப்பட்ட மின்னழுத்தத்தையும் குறிக்கும். இந்தக் குழப்பம் ஏட்டில் மட்டும் இருப்பதன்று. எங்களுக்கு ஒரு நாள் வேலையைக் கெடுத்தது.

மண்டபம் என்ற ஊரில் என் தங்கை மகன் நடத்தும் பட்டறையில், படகு உதிரிகளுக்கு மர அச்சு வெட்டும் இயந்திரம் ஒன்று உண்டு. அதன் இருதுருவ மோட்டார் 400 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 24,000 சுற்று சுழலும். 10 வோல்ட் வந்தால் டிரைவ் அந்த 400 ஹெர்ட்ஸைக் கொடுக்கும். சென்ற வாடைக்காலத்தில் நிரலில் 12,000 சுற்று என்று எழுதியிருக்க, டிரைவின் திரையில் 200 ஹெர்ட்ஸுக்குப் பதில் 160 ஹெர்ட்ஸ்தான் நின்றது. “கட்டுப்பாட்டு வோல்ட்டை அளந்து சொல்” என்று தொலைபேசியில் கேட்டேன். “சரியாகப் பத்து இருக்கிறது, மாமா” என்றான். முழு வேகக் கட்டளை கொடுத்து அளந்திருக்கிறான் என்று எண்ணி, பழுது டிரைவில்தான் என்று முடிவு செய்தேன். அவன் அளந்ததோ, வெளியே வேகத் திருகு பொருத்துவதற்காக டிரைவ் தானே வழங்கும் 10 வோல்ட் முனையை. அதுவும் கட்டுப்பாட்டு முனைதானே என்று அவன் கேட்டபோது என்னிடம் மறுமொழி இல்லை.

மறுநாள் நேரில் சென்று அளந்தேன். பலகையில் 5 வோல்ட் புறப்பட்டது. டிரைவின் உள்ளீட்டு முனைக்கு 4 வோல்ட்தான் வந்து சேர்ந்தது. 6,000 சுற்றுக்குக் கட்டளையிட்டால் 2.5 புறப்பட்டு 2 ஆக வந்தது. கட்டுப்பாட்டு மென்பொருளில் உச்ச வேகத்தை, அதாவது 10 வோல்ட்டுக்கு உரிய வேகத்தை, 24,000 என்பதற்குப் பதில் 30,000 என்று பதிந்திருந்தாலும் டிரைவில் இதே 4 வோல்ட்தான் தோன்றும். ஆனால் அப்போது பலகையிலேயே 4 வோல்ட் இருக்கும். ஆகவே குறை வழியில்தான் இருந்தது. கம்பியை டிரைவிலிருந்து கழற்றி அளந்தபோது மட்டும் முழு 5 வோல்ட் காட்டியது. மல்டிமீட்டர் ஏறக்குறைய மின்னோட்டமே எடுப்பதில்லை, டிரைவின் உள்ளீடு சிறிதளவு எடுக்கிறது. அதனால் வழியில் உள்ள கெட்ட இணைப்பு, கம்பி மாட்டியிருக்கும்போதுதான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மின்சாரத்தை நிறுத்தி, டிரைவின் மின்தேக்கிகள் இறங்கும்வரை காத்திருந்து பார்த்தால், பெட்டிக்குள் இருந்த இடை இணைப்பில் உப்புக்காற்று பட்டுப் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. நுனியை வெட்டிப் புதிதாக முறுக்கியபின் 5 வோல்ட்டும் வந்தது, 200 ஹெர்ட்ஸும் வந்தது.

இங்கே மூன்று பொருள்கள் தனித்தனியே நிற்கின்றன: நிரலில் எழுதியது, கம்பியில் சென்றது, கதிர் சுழன்றது. முதலாவதைக் ‘கட்டளை’ என்று கணித்தமிழில் ஏற்கெனவே வழங்குகிறோம். இரண்டாவதுக்கு ‘ஏவல்’ பொருந்தும். ‘செய்’, ‘நில்’ என்ற ஏவல் வினை போல அது சொல்வதோடு நிற்கிறது. கதிரைச் சுழற்றும் மின்சாரம் டிரைவிலிருந்து வேறு கம்பிகளில் செல்கிறது. “கட்டளை சரி, பலகையில் ஏவல் சரி, டிரைவில் ஏவல் குறைவு” என்று அவன் சொல்லியிருந்தால், மண்டபத்துக்குப் போகாமலே இடத்தைச் சுட்டியிருப்பேன்.

ஏவல் என்றால் எங்கள் கரையூர்களில் பில்லி சூனியத்தை நினைப்பார்கள் என்று தொண்டி அம்மையார் எழுதியது உண்மைதான். ஆனால் மின்னழுத்தம் என்ற சொல் அடுத்து வரும்போது அந்த நினைப்பு நிலைக்காது என்று கருதுகிறேன். ‘ஏவு மின்னழுத்தம்’ என்றால் ஏவுகணை முந்திக்கொள்ளும். ‘ஏவழுத்தம்’ என்று சுருக்குவதையும் நான் ஏற்கவில்லை. பட்டறையில் கம்ப்ரசரின் காற்றழுத்தமும் கடற்கரையில் வானிலை எச்சரிக்கையின் காற்றழுத்தமும் அன்றாடப் பேச்சு என்பதால், ‘மின்’ அவசியம் இருக்க வேண்டும்.

டிரைவ் தானே வழங்கும் அந்த 10 வோல்ட்டுக்கு ‘ஆதார மின்னழுத்தம்’ என்று எழுதலாமா என்பதையும் இதே இழையில் தெரிவிக்க வேண்டுகிறேன்.