மகள் காத்திருக்கவில்லை: மார்ஷ்மெல்லோ சோதனையை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற மிட்டாயை எதிரே வைத்துக் குழந்தையின் பொறுமையைப் பார்க்கும் மார்ஷ்மெல்லோ சோதனையையும், அதில் காத்திருக்கும் குழந்தைகளே பிற்காலத்தில் சிறப்பார்கள் என்பதையும் படித்துவிட்டு, என் ஐந்து வயது மகளிடம் அதைச் செய்து பார்த்தேன். நான் திரும்பி வரும்வரை பொறுத்திருந்தால் இரண்டு மிட்டாய் தருவதாகச் சொல்லி ஒன்றை எதிரே வைத்துவிட்டு வந்தேன். ஒரு நிமிடத்துக்குள் அவள் அதைச் சாப்பிட்டுவிட்டாள். பிற்காலத்தில் பின்தங்கிவிடுவாளோ என்ற அச்சம் இரண்டு நாட்களாக என்னை விட்டு அகலவில்லை.

பதில் 1:
அஞ்ச வேண்டியதில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் உளவியலாளர் வால்டர் மிஷெல் 1960களின் இறுதியில் இந்த ஆய்வுகளைத் தொடங்கியபோது, எந்தச் சூழலில் காத்திருப்பது எளிதாகிறது என்பதையே முதன்மையாக ஆராய்ந்தார். தின்பண்டம் கண்ணெதிரே இருந்தபோது விரைவில் பொறுமை இழந்த அதே வயதுக் குழந்தைகள், அது மறைத்து வைக்கப்பட்டபோது வெகுநேரம் காத்திருந்தார்கள். காத்திருந்தவர்கள் வளர்ந்தபின் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள் என்ற செய்தி 1990இல் வெளியான தொடராய்வால் பரவியது. ஆனால் 2018இல் டைலர் வாட்ஸ் குழுவினர் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு ஆராய்ந்தபோது, அந்தத் தொடர்பு ஏறத்தாழ பாதி அளவே இருந்தது. குடும்பப் பின்னணியையும் இளவயதுத் திறன்களையும் கணக்கில் கொண்டபோது அதிலும் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது.

பதில் 2:
மேலே உள்ளவற்றைவிட உங்களுக்கு முக்கியமானது 2013இல் செலஸ்ட் கிட் குழுவினர் செய்த ஆய்வு என்று கருதுகிறேன். முதலில் 28 குழந்தைகளிடம், படம் வரைய நல்ல பொருள்கள் கொண்டுவருவதாக ஒருவர் வாக்களித்தார். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார், மற்றவர்களிடம் வெறுங்கையுடன் வந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு மார்ஷ்மெல்லோவை வைத்தபோது, வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருக்க, ஏமாந்த குழந்தைகள் 3 நிமிடமே காத்திருந்தார்கள். இரண்டாவது மிட்டாய் வருமா என்பதே உறுதியில்லாதபோது, கையில் இருப்பதை எடுத்துக்கொள்வது அறிவுடைய முடிவு என்றே சொல்வேன்.

பதில் 3:
பெரியவர்களும் இப்படித்தான். ஒரு மாதம் கழித்துக் கிடைக்கும் சிறிய பரிசா, அதற்கு மறுநாள் கிடைக்கும் பெரிய பரிசா என்று கேட்டால் பெரியதையே சொல்கிறவர்களில் பலர், அதே தேர்வு இன்றைக்கும் நாளைக்கும் இடையே வரும்போது சிறியதற்குத் தாவிவிடுகிறார்கள். உளவியல் ஆய்வாளர் ஜார்ஜ் ஐன்ஸ்லி இந்தத் தடுமாற்றத்தைப் புறாக்களிடமும் ஆராய்ந்திருக்கிறார். சபலம் வருவதற்கு முன்பே அதன் வழியை அடைத்துவிடும் வாய்ப்பு தரப்பட்டபோது, சில புறாக்கள் அதைப் பயன்படுத்தவும் கற்றுக்கொண்டன.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டாவது பதிலைப் படித்தபின், ஏன் காத்திருக்கவில்லை என்று மகளிடம் மெதுவாகக் கேட்டேன். "போன் வந்தா நீ திரும்பி வரமாட்டியே அம்மா" என்றாள். சோதனையை இத்துடன் நிறுத்திவிட்டேன். அந்த இரண்டாவது மிட்டாயை இன்றே அவளிடம் கொடுத்துவிட்டேன்.