டிஸ்னிசீயா, யுனிவர்சல் ஜப்பானா: நிற்கும் இடத்தை நம்ப வைப்பது எது?

காட்சிக்கூடம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அருங்காட்சியகங்களுக்குக் காட்சிக்கூடங்கள் வடிவமைப்பது என் தொழில். உள்ளே நுழைந்தவர் வெளியுலகத்தை மறந்து, காட்டப்படும் காலத்துக்குள்ளும் ஊருக்குள்ளும் போய்விட வேண்டும் என்பதற்காகவே நாங்கள் விளக்கொளியையும் சுவரையும் தரையையும் பார்த்துப் பார்த்து அமைக்கிறோம். இதே நோக்கத்துக்காகப் பெரும் பணமும் உழைப்பும் கொட்டப்படும் இடங்கள் தீம் பார்க்குகள் என்பதால், அவற்றைக் கற்றுக்கொள்ளும் கண்ணோடு பார்க்க ஆசைப்படுகிறேன்.

இந்த ஆண்டு இறுதியில் ஜப்பான் செல்லவிருக்கிறேன். அங்கே 2001ஆம் ஆண்டு மார்ச் 31 அன்று ஒசாகாவில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஜப்பானும், அதே ஆண்டு செப்டம்பர் 4 அன்று டோக்கியோவை ஒட்டிய உராயாசுவில் டோக்கியோ டிஸ்னிசீயும் திறக்கப்பட்டன. ஒரே நாட்டில் ஒரே ஆண்டில் பிறந்த இந்த இரண்டு பூங்காக்களும் இடத்தை உருவாக்குவதில் முற்றிலும் வெவ்வேறு வழியில் சென்றதாகப் படித்திருக்கிறேன். எந்த ரோலர் கோஸ்டர் வேகமானது என்று நான் கேட்கவில்லை. எந்தச் சவாரியிலும் ஏறாமல் வெறுமனே நடந்து திரிந்தாலும் அந்த இடத்தை நம்ப வைப்பது எது, ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லையை இரு பூங்காக்களும் எப்படிக் கையாளுகின்றன என்பதே என் கேள்வி. இரண்டில் ஒன்றுக்குத்தான் கூடுதல் நேரம் ஒதுக்க முடியும். இரண்டையும் பார்த்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

செங்கல்சுவர்

வணக்கம். கட்டடக்கலை கற்பிப்பவன் என்ற முறையில் என் விடை தயக்கமில்லாதது: டிஸ்னிசீக்கே கூடுதல் நேரம் கொடுங்கள். காரணம் அழகு மட்டுமன்று. அந்தப் பூங்காவில் ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையிலுள்ள வழியையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து வடிவமைத்திருக்கிறார்.

நுழைவாயிலைத் தாண்டியதும் நீங்கள் ஒரு பெரிய கட்டடத்தின் அடியிலுள்ள வளைவின் வழியே நடக்கிறீர்கள். மறுபுறம் வெளிப்பட்டால் இத்தாலியத் துறைமுகம் ஒன்றும், நீருக்கு அப்பால் புகை விடும் எரிமலையும் தெரியும். நீங்கள் கடந்துவந்த கட்டடம் மிராகோஸ்டா ஹோட்டல். அந்தத் துறைமுக நகரின் வீட்டு வரிசையாக நிற்பதும் அதுவே. மற்ற பூங்காக்களில் ஹோட்டல் என்பது வெளியே நின்று மாயையைக் கெடுக்கும் பொருள். இங்கே அதையே ஊராக்கிவிட்டார்கள். சன்னல்களில் தெரியும் விளக்கும் திரைச்சீலையும் உண்மையில் மனிதர்கள் தங்கியிருக்கும் அறைகளுக்கு உரியவை என்பதால் அந்த ஊருக்கு இரவிலும் உயிர் இருக்கிறது. சுவர்களை நெருங்கிப் பாருங்கள்: சன்னல் சட்டங்களும் கல் அலங்காரங்களும் பல இடங்களில் வெறும் ஓவியம். இதைச் சிக்கனம் என்று நினைத்துவிட வேண்டாம். இத்தாலியின் லிகூரியக் கடற்கரை ஊர்களில் வீட்டு முகப்பில் பொய்ச் சன்னல் தீட்டுவது பழைய வழக்கம், அந்த வழக்கத்தையே இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள்.

எல்லையைப் பற்றிக் கேட்டீர்கள். பிரமீதியஸ் என்ற அந்த எரிமலையின் உயரம் 51 மீட்டர். பூங்காவின் நடுவே நின்று திசை காட்டுகிறது. அதைவிட முக்கியமாக, தன் வயிற்றுக்குள் ஒரு முழுப் பகுதியையே ஒளித்து வைத்திருக்கிறது. நாவலாசிரியர் ஜூல்ஸ் வெர்ன் படைத்த கேப்டன் நீமோவின் தளம் எரிமலை வாய்க்குள் அமைந்திருக்கிறது. துறைமுகத்திலிருந்து பாறையைக் குடைந்த வழியில் நடந்து அங்கே சென்றால், சுற்றிலும் செங்குத்தான பாறைச் சுவர்கள், கீழே கொதிப்பது போன்ற நீர், துருப்பிடித்த இரும்புப் படிகள், நீரில் மிதக்கும் நாட்டிலஸ் நீர்மூழ்கி என்று எல்லாம் ஒரே கணத்தில் மாறிவிடும். அங்கிருந்து இத்தாலியும் தெரியாது, அமெரிக்காவும் தெரியாது. பாறைக்குள் நடக்கும் அந்தச் சிறு தொலைவில் கண்ணும் காதும் முந்தைய ஊரைக் கைவிட்டுவிடுகின்றன. காட்சிக்கூடம் வடிவமைப்பவர் நின்று அளந்து பார்க்க வேண்டிய இடம் இது என்பேன்.

அமெரிக்கத் துறைமுகப் பகுதியில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து நியூயார்க்கும், கேப் காட் தீபகற்பத்துச் சிறு மீனவ ஊரும் அங்கே அருகருகே இருக்கின்றன. எஸ்.எஸ். கொலம்பியா என்ற பெருங்கப்பல் கரையில் நிற்கிறது. அதன் மேல்தளத்தில் ஏறினால் உண்மையான டோக்கியோ விரிகுடா தெரியும். வெளியுலகத்தை மறைப்பதே தீம் பார்க்கின் முதல் விதி என்று நாம் படிக்கிறோம். இங்கே வெளியே இருப்பதும் கடல், உள்ளே சொல்லப்படும் கதையும் கடல் என்பதால், மறைக்க வேண்டியதையே காட்சியின் தொடர்ச்சியாக்கிவிட்டார்கள். இதைச் செய்ய முடிந்த பூங்காக்கள் மிகச் சிலவே.

நானிவா_வாசி

நண்பருடைய விளக்கத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆயினும் ஒசாகாவில் பல ஆண்டுகளாக வசிப்பவன் என்பதால் இந்தப் பூங்காவின் தரப்பையும் சொல்லியாக வேண்டும்.

யுனிவர்சல் திறக்கப்பட்டபோது அது தன்னை ஒரு ஊர் என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. அது ஒரு சினிமா ஸ்டுடியோ. ஹாலிவுட், நியூயார்க், சான்ஃபிரான்சிஸ்கோ என்று நீங்கள் காணும் தெருக்கள் அந்த நகரங்கள் அல்ல, அவற்றைப் படம்பிடிப்பதற்கான செட்டுகள். ஒரு முகப்புக்குப் பின்னால் கட்டடம் இல்லாததை அங்கே யாரும் குறையாகக் கருத வேண்டியதில்லை. நுழைவுத் தெருவின் மேல் பெரிய கூரை போட்டிருப்பதும், 2007இல் வந்த ரோலர் கோஸ்டர் அந்தத் தெருவை ஒட்டியே ஓடுவதும் டிஸ்னிசீ கண்ணோட்டத்தில் பிழைகளாகத் தெரியலாம். ஸ்டுடியோ என்ற கருத்துக்குள் அவை பொருந்திவிடுகின்றன. நேர்மையாகச் சொன்னால், இந்தப் பழைய பகுதிகளில் இடத்தை நம்பும் அனுபவம் உங்களுக்குக் கிடைக்காது.

ஆனால் 2014ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று ஹாரி பாட்டர் பகுதி திறந்தபோது இந்தப் பூங்காவின் இலக்கணமே மாறியது. வாயிலுக்கு வருமுன் ஊசியிலை மரங்கள் அடர்ந்த பாதையில் நடக்க வைக்கிறார்கள். நகரமும் கோஸ்டரும் பார்வையிலிருந்து விலகி, இசை மட்டும் மெல்லக் கேட்கிறது. வழியோரத்தில் கதையில் வரும் பறக்கும் கார் கிடக்கிறது. பிறகுதான் பனி மூடிய கூரைகளோடு ஹாக்ஸ்மீட் கிராமம் திறக்கிறது. செங்கல்சுவர் பாராட்டிய அதே இடைவழி உத்திதான் இது, பாறைக்குப் பதில் காடு. மந்திரப் பள்ளியான ஹாக்வார்ட்ஸ் கோட்டையின் முன்னால் ஒரு ஏரியையும் அமைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆர்லாண்டோவில் 2010இல் திறந்த மூத்த பகுதியில் இந்த ஏரி கிடையாது. காற்றில்லாத மாலையில் கோட்டை நீரில் தலைகீழாக நிற்கும்போது அதன் உயரம் இருமடங்காகத் தோன்றும்.

2021 மார்ச் 18 அன்று திறந்த, மாரியோ வீடியோ விளையாட்டின் உலகமான சூப்பர் நின்டெண்டோ வேர்ல்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. பச்சைக் குழாய் ஒன்றுக்குள் நடந்து, பீச் இளவரசியின் கோட்டைக்குள் வெளிப்பட்டு, அதன் வாசலில் நின்றால் அந்த விளையாட்டின் நிலப்பரப்பு முழுதும் பல அடுக்குகளாக உங்களைச் சூழ்ந்திருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒன்று அசைந்துகொண்டே இருக்கும். மாரியோவைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோவே இதன் உருவாக்கத்தில் பங்கேற்றார். கையில் மின்னணுப் பட்டை கட்டிக்கொண்டு கேள்விக்குறிப் பெட்டியைக் கீழிருந்து குத்தினால் ஒலி எழும், நாணயம் உங்கள் கணக்கில் சேரும். டிஸ்னிசீயின் சுவரை நீங்கள் எவ்வளவு வியந்தாலும் அது உங்களுக்குப் பதில் சொல்லாது, ஒசாகாவின் சுவர் பதில் சொல்கிறது. இந்த வேறுபாட்டை நான் பெரிதாகவே மதிக்கிறேன். சிறுவர்களும் அவர்களுடைய பாட்டிகளும் ஒரே பெட்டியைக் குத்தத் தாவுவதைப் பார்த்தால் அந்த உலகம் உண்மையா என்ற கேள்வியே எழாது.

ஒப்பனைத்திரை

நாடக மேடை அமைப்பில் ஈடுபட்டவன் என்பதால் இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

முதலாவது, மனிதர்கள். ஒசாகாவில் சுறா துரத்தும் படகுச் சவாரி 2001இலிருந்து ஓடுகிறது. ஆர்லாண்டோவில் இதே சவாரி 2012 ஜனவரியில் மூடப்பட்டுவிட்டது. ஒசாகாவின் சுறா இயந்திரம் பழையதுதான். ஆனால் படகோட்டியாக வரும் நடிகர் ஒவ்வொரு முறையும் முழுக் குரலில், முழு உடலால் நடித்து அந்தப் பயத்தைப் படகிலுள்ள அனைவருக்கும் பரப்பிவிடுகிறார். ஜப்பானிய மொழி ஒரு சொல்கூடத் தெரியாமலே நான் பின்வாங்கி உட்கார்ந்தேன். செட் வேலையால் மட்டும் இடம் பிறப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் எங்கும் கண்டதில்லை. நானிவா_வாசி இதைக் குறிப்பிடாதது எனக்கு வியப்பு!

இரண்டாவது, டிஸ்னிசீயின் அண்மைக்கால மாற்றம். அந்தப் பூங்கா தொடங்கியபோது அதன் பெரும்பகுதி எந்தத் திரைப்படத்தையும் நம்பி நிற்கவில்லை. 2006இல் நியூயார்க் பகுதியில் திறந்த டவர் ஆஃப் டெரர் சவாரிக்கு அமெரிக்கப் பூங்காக்களில் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் கதை பயன்பட்டது. டோக்கியோவில் அதை விட்டுவிட்டு, 1899 டிசம்பர் 31 இரவில் தன் ஹோட்டலிலேயே காணாமல் போன ஹாரிசன் ஹைடவர் என்ற செல்வந்தரின் கதையைப் புதிதாக எழுதினார்கள். பிற நாடுகளிலிருந்து அவர் கவர்ந்துவந்த கலைப்பொருட்கள் சவாரிக்காக நாம் வரிசையில் காத்திருக்கும் கூடங்களை நிறைத்திருக்கும். அருங்காட்சியகத் துறையில் இருக்கும் உங்களை அந்தக் கதை தொடாமல் இருக்காது. 2019இல் துறைமுகத்தில் திறந்த பறக்கும் சவாரியும் கமீலியா ஃபால்கோ என்ற கற்பனைப் பெண்மணியின் நினைவாக நடத்தப்படும் அருங்காட்சியகமாகவே அமைந்திருக்கிறது. பூங்காவின் கோட்டையில் கூடும் நாடுகாண் பயணிகளின் சங்கத்தோடு அவருக்குத் தொடர்பு உண்டு. இப்படி ஒரு பகுதியின் கதை இன்னொரு பகுதியில் கிளைவிடுகிறது.

இதற்கு எதிரான போக்கும் உண்டு. புயலை ஆராயும் நிலையமாக இருந்த போர்ட் டிஸ்கவரி, 2017இல் அனிமேஷன் மீன்களின் சவாரி வந்தபின் தன் பழைய உறுதியை இழந்துவிட்டது. 2024 ஜூன் 6 அன்று, சுமார் 320 பில்லியன் யென் செலவில் திறந்த ஃபேன்டசி ஸ்பிரிங்ஸ் பகுதி முழுக்க முழுக்கத் திரைப்படங்களைச் சார்ந்தது. அங்குள்ள பாறை வேலைப்பாடும் நீரூற்றுகளும் மிக உயர்ந்த தரம் என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் அங்கே நான் ஒரு ஊருக்குள் போகவில்லை, எனக்குத் தெரிந்த படங்களுக்குள் போனேன்.

காட்சிக்கூடம்

மூவருக்கும் நன்றி. இடைவழிகளைப் பற்றிய விளக்கம் எனக்கு மிகவும் பயன்படும். ஒரே ஒரு ஐயம். பதில் சொல்லும் சுவர் பற்றி நானிவா_வாசி எழுதியது எங்கள் துறையில் பெரிய விவாதம். தொட்டால் இயங்கும் பொருளை வைத்தால் பார்வையாளர் அந்தப் பொருளோடு நின்றுவிடுகிறார், சுற்றியுள்ள கூடத்தைப் பார்ப்பதில்லை. நின்டெண்டோ பகுதியில் அப்படி நேர்வதில்லையா?

செங்கல்சுவர்

நேர்கிறது என்பதே என் கருத்து. பட்டை கட்டியவர்கள் அடுத்த பெட்டி எங்கே என்று தேடுகிறார்கள். அடிக்கடி கைபேசித் திரையில் எண்ணிக்கையையும் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் இருப்பது விளையாட்டுக்குள், இடத்துக்குள் அன்று. எரிமலை வாய்க்குள் நிற்பவருக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை, அதனாலேயே அவர் சுற்றிலும் பார்க்கிறார், நீராவி எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறார். உங்கள் துறைக்கு இந்த இரண்டாவது நிலையே தேவை என்று நினைக்கிறேன்.

நானிவா_வாசி

இதில் நான் முழுதும் உடன்படவில்லை. நின்டெண்டோ உலகத்தின் இயல்பே விளையாட்டு. அங்கே கைகட்டி நின்று பார்ப்பவர்தான் அந்த இடத்துக்கு வெளியே இருக்கிறார். ஆனால் காட்சிக்கூடத்தின் கேள்விக்கு ஹாரி பாட்டர் பகுதி நல்ல விடை தரும். அங்கே மந்திரக்கோலை அசைத்தால் இயங்கும் இடங்கள் சிலவே, அவையும் கடைச் சன்னல்களிலும் கிராமத்து மூலைகளிலும் ஒதுங்கியிருக்கின்றன. ஒருவர் கோலை அசைக்கும்போது சுற்றி நிற்பவர்கள் அந்தச் சன்னலுக்குள் இருக்கும் பொருட்களைக் கூர்ந்து பார்க்கத் தொடங்குகிறார்கள். தொடும் பொருளை எத்தனை இடத்தில் வைப்பது, எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல், வைக்கலாமா என்பது அன்று.

நீங்கள் வரும்போது டிஸ்னிசீக்கு இரண்டு நாளும் ஒசாகாவுக்கு ஒரு நாளும் ஒதுக்குங்கள். அந்த அளவில் செங்கல்சுவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஒசாகாவில் பூங்கா திறந்ததும் மற்ற எதையும் பார்க்காமல் காட்டுப் பாதை வழியே ஹாக்ஸ்மீட் சென்றுவிடுங்கள்; கூட்டம் சேர்ந்தபின் அந்தப் பாதையின் அமைதி இராது. நின்டெண்டோ பகுதிக்கு நெரிசலான நாட்களில் நேரம் குறித்த நுழைவுச் சீட்டு தேவைப்படும், அதைப் பூங்காவின் செயலியில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். உராயாசுவில் பகலில் ஒருமுறை நீராவிப் படகில் சுற்றிவாருங்கள்; நிலத்தில் நடக்கும்போது மறைந்திருந்த எல்லைகளை நீரிலிருந்து பார்த்தால் எதை எதன் பின்னால் ஒளித்தார்கள் என்பது தெளிவாகத் தெரியும்.