புல்லட் கியர் பாக்ஸில் கிரீஸ் அடைக்கச் சொல்கிறவர்களுக்கு

ஒத்தைசிலிண்டர்:
நாலு கியர் காஸ்ட் அயர்ன் புல்லட் வாங்குகிற புதுப் பையன்களுக்கு இங்கே ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார்: "கியர் பாக்ஸ்ல எம்பி3 கிரீஸை வாய்வரைக்கும் அடைச்சு மூடிடு, அஞ்சு வருஷம் தொடவே வேணாம்." படித்ததும் ரத்தம் கொதிக்கிறது. எம்பி3 வீல் பேரிங்குக்குப் போடுகிற கட்டி கிரீஸ். கியர் நாலு சுற்று சுற்றியதுமே தன் பல் போய்வருகிற அளவுக்கு அதில் வழி வெட்டிக்கொள்ளும். வெட்டுப்பட்ட கிரீஸ் திரும்ப வழிந்து வந்து பல்லை நனைக்காது, ஓரமாக ஒதுங்கி அப்படியே நிற்கும். மூடியைத் திறந்தால் பாக்ஸ் நிறைய கிரீஸ் இருக்கும், பல் மட்டும் காய்ந்து கிடக்கும். பின் சக்கரத்துச் செயினை ஓட்டுகிற குழாய் மாதிரியான ஸ்லீவ் கியருக்குள், கிளட்ச் சுற்றுகிற மெயின் ஷாஃப்ட் ஓடுவதற்கு வெண்கல வளையமாக ஒரு புஷ் உண்டு, அதற்குள் அது எட்டிக்கூடப் பார்க்காது. 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றுங்கள்.

கிக்கர்மணி:
யோசனை சொன்னது நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாமே, என்ன பயம்? ஊத்துங்க, 90 ஆயில் தாராளமா ஊத்துங்க. காலையில ஊத்துனா சாயங்காலம் செயின் மேல, மறுநாள் பின் டயர் மேல. ஆல்பியன் பாக்ஸ்ல, அதான் இந்த நாலு கியர் பாக்ஸ்ல, ஸ்லீவ் கியருக்கு வெளியில ஒரு சீல் இருக்கு. உள்ள, ஷாஃப்டுக்கும் ஸ்லீவுக்கும் நடுவுல ஒண்ணும் கிடையாது. ஆயில் நிக்காது.

ஒத்தைசிலிண்டர்:
நிற்கும். புஷ் நன்றாக இருந்தால் நிற்கும். கசிவது ஆயிலின் குற்றமில்லை, தேய்ந்த புஷ்ஷின் குற்றம். பிரைமரி கவரையும் (இன்ஜினிலிருந்து கிளட்ச்சுக்குப் போகிற செயினை மூடுவது) கிளட்ச்சையும் கழற்றிவிட்டு மெயின் ஷாஃப்ட் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கையிலேயே ஆட்டம் தெரிந்தால் புஷ் போய்விட்டது. பழையதைப் பிரஸ்ஸில் தள்ளி எடுத்து, புதியதை ஏற்றி, ஷாஃப்டின் அளவுக்குத் துளையைச் சீவுகிற ரீமர் போட்டு ஓட்டவேண்டும். புதுப் புஷ் ஏற்றும்போது கொஞ்சம் சுருங்கும், அதனால் ரீமர் போடாமல் ஷாஃப்டைத் தட்டி உள்ளே அனுப்பினால் பிடித்துக்கொள்ளும். இந்த வேலையைச் செய்யச் சோம்பல் உள்ளவர்கள்தான் கிரீஸை அடைக்கிறார்கள்.

தஞ்சாவூர்_ஜி2:
ஐயா, இருவரும் எந்த கிரீஸைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது. எம்பி3 என்பது கிரீஸின் கட்டித்தன்மையைச் சொல்லும் என்எல்ஜிஐ வரிசையில் 3ஆம் எண். சோதனைக் கூம்பு அதில் இறங்கும் ஆழம், பத்தில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில், 220 முதல் 250 வரை. 00 என்றால் 400 முதல் 430, ஏறக்குறைய கூழ். பழைய மேனுவல் சொல்வது மென்மையான கிரீஸ், கட்டி கிரீஸ் கூடவே கூடாது. 00 வழிந்து திரும்ப வரும், பல்லை நனைக்கும், ஆயில் அளவுக்குக் கசியாது. மூன்று பங்கு 00, ஒரு பங்கு 90 ஆயில் கலந்து லெவல் வரை விட்டால் இரண்டு பிரச்சினையும் தீரும்.

கிக்கர்மணி:
பாத்தீங்களா, மேனுவலே கிரீஸ்ங்குது. அதைத்தானே நான் சொன்னேன்.

ஒத்தைசிலிண்டர்:
மேனுவல் கட்டி கிரீஸ் கூடாது என்கிறது. அந்தப் பாதியை மட்டும் கண் மறைத்துவிட்டதா? நீங்கள் அடைக்கச் சொன்னது எம்பி3. 00 எல்லா ஊர்க் கடையிலும் கிடைக்கிறதில்லை. கேட்டால் கையில் இருக்கிற எம்பி3ஐத் தூக்கிக் கொடுப்பார்கள், பையன் அதையே அடைப்பான். 90 ஆயில் எந்தப் பெட்டிக்கடை ஸ்பேர் பார்ட்ஸிலும் உண்டு. ஆயிலே ஊற்றுங்கள். புஷ் சரியாக இருந்தால் நிற்கும்.

கிக்கர்மணி:
நிக்காது.

ஸ்பேனர்14:
அண்ணே, 90ன்னதும் ஏதோ கெட்டியான ஆயில்னு நினைச்சிட்டு இருக்கீங்க ரெண்டு பேரும். கியர் ஆயிலுக்கு நம்பர் போடுற கணக்கு வேற. 100 டிகிரியில 90 கியர் ஆயில் 13.5லேர்ந்து 18.5 சென்டிஸ்டோக் (எண் கூடுனா கெட்டி கூடும்). 20டபிள்யூ50 இன்ஜின் ஆயில் 16.3லேர்ந்து 21.9. இன்ஜினுக்கு ஊத்துற ஆயிலே சூட்டுல அதைவிடக் கொஞ்சம் கெட்டி. கசிவு நிக்கணும்னு 90 போடுறதுல அர்த்தமே இல்ல. கெட்டி வேணும்னா 140 போடுங்க, அது 24க்கு மேல.

ஒத்தைசிலிண்டர்:
கசிவை நிறுத்த 90 ஊற்றச் சொன்னது யார்? புஷ்ஷை மாற்றச் சொன்னேன். இன்ஜின் ஆயிலில் கியர் பல்லுக்கான அழுத்தம் தாங்கும் சேர்மானம் கிடையாது. ஒரே சிலிண்டர் 350 இழுக்கும்போது பல்லுக்கு விழுகிற அடி சீராக வருவதில்லை, விட்டுவிட்டு வருகிறது. அதற்குக் கியர் ஆயில்தான்.

ஸ்பேனர்14:
அப்படின்னா கியர் ஆயில் தரத்துல ஜிஎல்-4ஆ ஜிஎல்-5ஆ, அதைச் சொல்லுங்க. ஜிஎல்-5ல சல்ஃபர், பாஸ்பரஸ் சேர்மானம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. சூடு ஏறுனா வெண்கலப் புஷ்ஷைக் கறுக்கவைக்கும். கடையில "90 குடு"ன்னா பாதிப் பேர் ஜிஎல்-5தான் எடுத்துக் கொடுப்பாங்க. புஷ்ஷைக் காப்பாத்த வந்தவரே புஷ்ஷுக்கு உலை வைக்கிறாரு.

ஒத்தைசிலிண்டர்:
ஜிஎல்-4 என்று கேட்டு, டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்கவேண்டும். இதுகூடச் சொல்லித்தர வேண்டுமா? வால்வு இடைவெளி வைக்கிற டேப்பெட் விவாதத்திலும் இப்படித்தான் குறுக்கே வந்தீர்கள்.

ஸ்பேனர்14:
டேப்பெட்டை எதுக்கு இழுக்குறீங்க? அன்னைக்கும் இன்னைக்கும் ஒரே பேச்சுதான் எனக்கு. இன்ஜின் ஆறினப்புறம், கம்ப்ரஷன்ல பிஸ்டன் மேல நிக்கும்போது, வால்வைத் திறக்குற புஷ் ராடு விரலால சுத்துனா சுத்தணும், மேலயும் கீழயும் ஆட்டம் இருக்கக்கூடாது. சூட்டுல வைக்கச் சொன்னது நீங்க.

ஒத்தைசிலிண்டர்:
சூட்டில் வைக்கச் சொல்லவில்லை. ஆறிய இன்ஜினில் வைத்துவிட்டு, சூட்டில் ஒருமுறை சரிபார்க்கச் சொன்னேன். பழைய பதிவு அங்கேயே இருக்கிறது, படித்துவிட்டு வாருங்கள்.

ஸ்பேனர்14:
சூட்டுல சரிபார்த்து என்ன பண்றது? இடைவெளி மாறித்தான் இருக்கும். பாக்குறவன் உடனே ஸ்பேனரை எடுத்து இறுக்குவான். ஆறுனதும் வால்வு முழுசா மூடாது, காலையில கிக்கரை மிதிச்சா கம்ப்ரஷனே இருக்காது.

கிக்கர்மணி:
விடுங்க தம்பி, அவரு சொன்னதை அவரே மாத்துவாரு. நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. ஆயில் நிக்குமா?

ஒத்தைசிலிண்டர்:
பத்து முறை சொல்லியாயிற்று. புஷ் எப்படித் தேய்கிறது என்று தெரிந்தால் இந்தக் கேள்வியே வராது. டாப் கியரில் மெயின் ஷாஃப்டும் ஸ்லீவ் கியரும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சுற்றும், அப்போது புஷ்ஷில் உராய்வே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்றில் ஷாஃப்ட் வேகமாகவும் ஸ்லீவ் மெதுவாகவும் ஓடும். சிக்னலில் நியூட்ரலில் போட்டு, கிளட்சை விட்டு நிற்கும்போது ஸ்லீவ் அசையாமல் நிற்கும், ஷாஃப்ட் மட்டும் உள்ளே தேய்த்துக்கொண்டே இருக்கும். நெரிசலில் ஓடுகிற வண்டிக்கு முதலில் போவது இந்தப் புஷ்தான். அந்த இடத்துக்குள் வழிந்து போகக்கூடியது ஆயில் மட்டும். எம்பி3 போட்ட பாக்ஸில் புஷ் காய்ந்து தேயும், தேய்ந்த பிறகு நீங்கள் சொல்கிற மாதிரியே ஆயில் நிற்காது. நோயை உண்டாக்குவதும் நீங்கள், ஆயில் மீது பழி போடுவதும் நீங்கள்.

தஞ்சாவூர்_ஜி2:
00 கிரீஸும் அந்த இடத்துக்குள் போகும் ஐயா. 90 ஆயிலும் சேர்ந்திருந்தால் இன்னும் எளிதாகப் போகும். அதைத்தான் முன்பே சொன்னேன்.

கிக்கர்மணி:
வாய்வரைக்கும் அடைச்ச வண்டியெல்லாம் ஊருக்குள்ள ஓடிட்டுத்தான் இருக்கு. ஒண்ணும் நின்னு போகல.

ஒத்தைசிலிண்டர்:
ஓடும். காலையில் கியர் மாறாது, மாறினால் கடக்கென்று விழும், மிதித்த கிக்கர் சோம்பலாகத் திரும்பி வரும். உடனே கியர் மாறுவதைச் சரிசெய்கிற அட்ஜஸ்டர் பிளேட்டின் மேல் பழி போட்டு, அந்த இரண்டு போல்ட்டைத் தளர்த்தி நகர்த்துவீர்கள். பிறகு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எந்தக் கியரும் பிடிக்காத பொய் நியூட்ரல் விழும். பிளேட்டில் குறை இல்லை, உள்ளே இருக்கிற கட்டி கிரீஸில்தான் குறை. இன்னொன்று: வாய்வரை அடைத்தால் சூட்டில் விரிய இடம் இல்லாமல் கிக்கர் ஷாஃப்ட் வழியாகப் பிதுங்கும். அதற்கும் ஆயில்தான் காரணமா?

ஸ்பேனர்14:
கசிவு எங்கேர்ந்து வருதுன்னே பாக்காம ரெண்டு பேரும் கத்துறீங்க. பாக்ஸை மண்ணெண்ணெய் ஊத்தி நல்லாக் கழுவி, துடைச்சு, முகத்துக்குப் போடுற பவுடரைத் தூவுங்க. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து பாத்தா ஈரக்கோடு எங்க ஆரம்பிக்குதுன்னு தெளிவாத் தெரியும். கவர் பேக்கிங்கா, கிக்கர் ஷாஃப்ட் ஓ ரிங்கா, ஸ்ப்ராக்கெட் பின்னாடியான்னு. பல வண்டில பேக்கிங்தான். ரெண்டு ரூபா காகிதத்துக்கு ஸ்லீவ் புஷ் மாத்துறது எந்த ஊரு நியாயம்?

ஒத்தைசிலிண்டர்:
பேக்கிங் கசிந்தால் பேக்கிங்கை மாற்றுங்கள், யார் வேண்டாம் என்றது? அதிலும் ஒரு விஷயம். சிலிக்கான் பேஸ்ட்டை உள்பக்கம் வழிய வழியத் தடவுகிறார்கள். பிதுங்கிய துணுக்கு உதிர்ந்து, கியர் பல்லுக்குள் மாட்டும். பேக்கிங்குக்கு மெல்லிய கிரீஸ் பூச்சு போதும், பேஸ்ட் வேண்டாம்.

கிக்கர்மணி:
ஆக கிரீஸ் வேணும்னு இப்பதான் ஒத்துக்கிட்டாரு.

ஒத்தைசிலிண்டர்:
பேக்கிங்குக்கு. கியருக்கு இல்லை. எழுதியதைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

தஞ்சாவூர்_ஜி2:
இன்னொரு வழியும் இருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. கிளட்ச்சைத் தள்ளி விடுவிக்கிற புஷ் ராடு போகிற துளை மெயின் ஷாஃப்டின் நடுவே முழுக்க ஓடுகிறது. ஆயில் அந்த வழியாகவே கிளட்ச் பக்கம் ஏறும். கிளட்ச் பிளேட்டில் கியர் ஆயில் பட்டால் மேட்டில் இன்ஜின் உறுமும், வண்டி ஏறாது. பிரைமரி கவருக்குள் ஆயில் லெவல் தானாக ஏறிக்கொண்டே போனால் அதற்குக் காரணம் இதுதான். ராடுக்குக் கட்டி கிரீஸ் தடவிப் பூட்டினால் குறையும். பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்து, இரும்புப் பிளேட்டை எமரி தாளில் லேசாகத் தேய்த்துப் போட வேண்டும்.

கிக்கர்மணி:
கேட்டுக்குங்க, ஆயில் எங்கெல்லாம் போகுது பாருங்க. புஷ் புதுசா இருந்தாலும் ராடு வழியா போகும். நான் ஆரம்பத்துலயே சொன்னேன்.

ஒத்தைசிலிண்டர்:
ராடு வழியாகப் போவது லெவலுக்கு மேல் ஊற்றினால். லெவல் பிளக்கைத் திறந்து, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஆயில் துளையில் எட்டிப் பார்த்ததும் நிறுத்தவேண்டும். பக்க ஸ்டாண்டில் சாய்த்துவைத்து ஊற்றுகிறவனுக்கு ராடு வழியாகவும் போகும், காது வழியாகவும் போகும்.

ஸ்பேனர்14:
நடு ஸ்டாண்டு தேஞ்சு ஒருபக்கம் சாஞ்ச வண்டிக்கு? பழைய புல்லட்ல பாதிக்குமேல அப்படித்தான். முதல்ல ஸ்டாண்டு புஷ்ஷை மாத்தச் சொல்லுங்க, அப்புறம் லெவல் பேசலாம்.

ஒத்தைசிலிண்டர்:
தேய்ந்த பக்கம் பலகைத் துண்டு கொடுத்து நேராக்கினால் போதும். அதற்கும் ஒரு விவாதம் தொடங்காதீர்கள்.

கிக்கர்மணி:
பலகை வைங்க, பட்டை போடுங்க. எங்க பக்கத்து மெக்கானிக்குகளுக்கு இந்தப் பாக்ஸ் மெட்ராஸ்ல 1955ல புல்லட் பூட்ட ஆரம்பிச்ச காலத்துலேர்ந்து பழக்கம். டப்பாவுக்குப் பின்னாடி படிச்சுட்டு வந்து அவங்களுக்குப் பாடம் எடுக்காதீங்க.

ஒத்தைசிலிண்டர்:
அதே ஆட்கள் கவரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவும்போது உள்ளிருந்து வழித்துப் போடுகிற கிரீஸைப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் மினுமினுக்கும். அது வெண்கலத் தூள். மெயின் ஷாஃப்டுக்கு இணையாக ஓடுகிற லே ஷாஃப்டின் முனை இரண்டையும் துடைத்து நகத்தால் கீறிப் பாருங்கள், வரி விழுந்திருக்கும். எம்பி3 அடைத்த பாக்ஸ் ஒன்றைத் திறந்து புஷ்ஷின் படத்தைப் போடுங்கள், மிச்சத்தை அப்புறம் பேசுவோம்.

கிக்கர்மணி:
நீங்க ஆயில் ஊத்துன வண்டியோட பின் டயர் படத்தை முதல்ல போடுங்க.