உறைந்து உருகிய மண்: கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்

சல்லடை
ஆய்வகத்தில் மண்ணை மேலிருந்து உறையவைக்கும் சோதனை. அச்சில் இடித்து நிரப்பிய வண்டல் கலந்த களிமண். மேலே குளிர்தட்டு, அடியில் தண்ணீர், சுற்றிலும் தெர்மாகோல். செட்டப் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விடாமல் உறுத்துவது அறுத்துப் பார்த்த நொடி. படுக்கைவாக்கில் கண்ணாடிக் கீற்றுகளாகப் பனி, அடுக்கடுக்காக. மேலே மயிரிழை, கீழே போகப்போகத் தீக்குச்சிக் கனம். உருகவிட்டு, இரண்டு கீற்றுக்கு நடுவே இருந்த துண்டை எடுத்தால் நகம் இறங்கவில்லை. அதைச் சுற்றி இருந்ததோ வெறும் கூழ். ஒரே அச்சு, ஒரே மண்!

குழிவெட்டி
தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் விரியும் இல்லையா, அந்த அழுத்தம்தான்.

என் கணக்கில் மறக்க முடியாதது சாலை ஓரக் குழி. உருகத் தொடங்கிய பருவம். கடப்பாரை ஒன்றரை அடியில் டங்கென்றது. பாறை இல்லை, இன்னும் உருகாத மண். அதற்கு மேலே இருந்ததெல்லாம் சேறு. பெரும்பாலும் மேலிருந்துதானே உருகுகிறது, அடியில் உறைந்த தட்டு மூடி போட்டதுபோல் கிடந்தால் தண்ணீர் எங்கே இறங்கும்? அந்த நேரம் பார்த்து ஒரு லாரி. தார் விரிசல் வழியாகச் சாம்பல் நிறக் குழம்பு பீச்சியது.

ஈரப்பதம்
9 சதவீதத்தை விடவே மாட்டீர்களா? கணக்குப் போடுங்கள். நுண்துளை 40 சதவீதம், அத்தனையிலும் தண்ணீர், ஒரு மீட்டர் ஆழம் உறைகிறது. விரிவு 3.6 செ.மீ.தான். அதைத் தாண்டித் தரை எழும்பினால் அது கீழிருந்து உறிஞ்சி ஏறிய தண்ணீர். நிலவியலாளர் ஸ்டீபன் டேபர் 1930 வாக்கிலேயே தண்ணீருக்குப் பதில் பென்சீன் ஊற்றிக் காட்டிவிட்டார். பென்சீன் உறையும்போது சுருங்கும், மண் அப்போதும் எழும்பியது. சல்லடைக்கு நகம் இறங்காததும் இதனால்தான். கீற்று வளர இழுத்த இழுப்பில் பக்கத்து மண் பிழிந்து கெட்டியாகிவிட்டது.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். குப்பைக்கிடங்கின் அடியில் போடும் களிமண் படுகைக்கு நீர் புகுதிறன் பார்ப்பவர்கள், உறையவைக்காத சாம்பிளை மட்டும் நம்பாதீர்கள். சாம்பிளை இரண்டு சுற்று பிளாஸ்டிக் தாளில் மூடுங்கள், இல்லையென்றால் ஃப்ரீசர் காற்றே ஈரத்தைக் குடித்துவிடும். பக்கத்துக்குக் காப்பு கொடுத்து மேலிருந்து மட்டும் உறையவிடுங்கள். நாலாபுறமும் உறைந்தால் கீற்று தாறுமாறாக ஓடும், தளத்தில் நடப்பது அதுவல்ல. உறைந்து உருகுவது ஒரு சுற்று என்றால், மூன்று முதல் ஐந்து சுற்று பெரும்பாலும் போதும், அதற்குப் பிறகு மாற்றம் அடங்கிவிடும். அளக்கும்போது செல் அழுத்தத்தை, அதாவது சாம்பிளைச் சுற்றிக் கொடுக்கும் அழுத்தத்தை, ஏற்றிவிடாதீர்கள், அதுதான் பெரிய தவறு. அழுத்தம் கூடினால் விரிசல் மூடிக்கொண்டு ‘பாதிப்பே இல்லை’ என்று ரிசல்ட் வரும். குறைந்த அழுத்தத்தில் பார்த்தால் பத்து மடங்கு, நூறு மடங்கு கூடுதலாகக் கசியும். கெட்டியாக இடித்த மண் தளரும், தளர்ந்த மண் இறுகும், இரண்டுமே நடக்கும். அடர்த்தி மாறவில்லை என்பதை வைத்துத் தப்பித்தோம் என்று எழுதிவிடாதீர்கள்.

கட்டிதட்டி
படுகைக்கு நஷ்டம், உழவுக்கு லாபம். குளிருக்கு முன் புரட்டிப் போட்ட களிமண் கட்டி, பனி போனதும் பூட்ஸ் பட்டாலே பொலபொலவென உதிர்ந்தது. ஆனால் அதே வயலின் பள்ளத்தில் நீர் கோத்து உறைந்த இடத்தில் கட்டியும் இல்லை, பொலபொலப்பும் இல்லை, வழவழப்பாக ஒரு ஏடு. காய்ந்ததும் அதுவே ஓடுபோல் இறுகிவிட்டது. வித்தியாசம் உறையும்போது இருந்த ஈரம் மட்டும்தான். மண்திரளை (மணிகள் ஒட்டிச் சேர்ந்த சிறு கட்டி) தண்ணீருக்குள் சலித்துப் பார்க்கும் ஈர சல்லடைச் சோதனையிலும் அப்படியே. மிதமான ஈரத்தில் முதல் ஒன்றிரண்டு சுற்றில் மண்திரள் உறுதி கூடக்கூடச் செய்யும், நீர் நிறைந்திருந்தால் சரிவுதான்.

குழிவெட்டி
சரி, 9 சதவீதத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சாலைக்கு அடியில் சரளைதானே போட்டிருந்தார்கள்? சரளை எங்கே உறிஞ்சும்?

சல்லடை
சரளை உறிஞ்சாது, அதில் ஒட்டிவந்த பொடி உறிஞ்சும். மண் பொறியியலாளர் காசாகிராண்டே சொன்ன அளவு, பல அளவு மணிகள் கலந்த மண்ணில் 0.02 மி.மீ.யை விடச் சிறிய பொடி 3 சதவீதத்தைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். 75 மைக்ரான் (0.075 மி.மீ.) சல்லடையோடு நிறுத்தினால் அது கண்ணில் படாது. பொடியைத் தண்ணீரில் கலக்கிப் படியவிட்டு அளக்கும் ஹைட்ரோமீட்டர் சோதனை வரை போயிருக்க வேண்டும்.