பெருந்தமனி அழற்சியா, பெருவிட்டத் தமனியழற்சியா?

> பெரிய தமனிகளில் வரும் அழற்சிக்குப் 'பெருந்தமனி அழற்சி' போதுமே. தக்கயாசு நோய்க்கு 'நாடியற்ற நோய்' என்று பழைய பெயரையே தமிழாக்கிவிடலாம்.

ஐயா,

பெருந்தமனி என்றால் நம் பாடநூல்களில் அயோர்ட்டா, இதயத்திலிருந்து கிளம்பும் முதன்மைத் தமனி. பெரிய தமனிகளின் அழற்சியான தக்கயாசு நோயிலோ அதிலிருந்து கைக்கும் கழுத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பிரியும் கிளைகளும் சுருங்குகின்றன. உங்கள் சொல்லில் அவற்றுக்கு இடமில்லை. 'பெருவிட்டத் தமனியழற்சி' என்றால் அவையும் அடங்கும். நடுத்தர அளவுத் தமனிகளில் வரும் 'நடுவிட்ட' வகைக்கும் அப்போதே வழி பிறந்துவிடும்.

'நாடியற்ற நோய்' அறவே வேண்டாம். இலங்கைப் பாடநூல்களில் நாடி என்பதே தமனி. தமனியே இல்லாத நோயா என்று அங்கே கேட்பார்கள். இங்கேயோ 'நாடி விழுந்துபோச்சு' என்றால் வீட்டில் ஒப்பாரி எழும். 20 வயதுப் பெண்ணின் சீட்டில் எழுதுகிற சொல்லா அது?

அதைவிடப் பெரிய குறை, அந்தப் பெயர் நோயைக் கண்டுபிடிப்பதற்கே இடைஞ்சல். நாடி மறைவது பெரும்பாலும் பிந்தித்தான். தொடக்கத்தில் காய்ச்சல், அசதி, எடைக் குறைவு, மூட்டுவலி. காசநோயா, ரத்தசோகையா என்று அலைவதிலேயே மாதங்கள் போய்விடும். இந்தியாவில் பலருக்குச் சிறுநீரகத் தமனி சுருங்கி ரத்த அழுத்தம் ஏறுவதுதான் முதல் தடயம். மணிக்கட்டில் நாடி நன்றாகவே துடிக்கும். இளம்பெண்ணுக்கு அழுத்தம் கூடினால் இரு கைகளிலும் அளந்து பார்க்க வேண்டும், காலிலும்தான். அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடவும் முடியாது. தமனிச் சுவர் தடித்துக்கொண்டே போகலாம், அது ஸ்கேனில்தான் தெரியும்.

1990இல் அமெரிக்க வாதவியல் கல்லூரி இந்நோயை வகைப்படுத்த வகுத்த ஆறு அளவைகளில் மேற்கை நாடி தளர்வது ஒன்று மட்டுமே. கைகளுக்கிடையே 10 மி.மீ.க்கு மேல் அழுத்த வேறுபாடு, நோய் தொடங்கும் வயது 40க்குள் என்பவை வேறு இரண்டு. 2022இல் புதிய அளவைகள் வரும்வரை, ஆறில் மூன்று இருந்தால் போதும் என்றிருந்தது. நாடி அந்த மூன்றில் இல்லாமலும் போகலாம்.

இத்தனைக்கும் மிக்கிட்டோ தக்கயாசு கண் மருத்துவர். 1908இல் அவர் விவரித்தது ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் பார்வை நரம்பைச் சுற்றி மாலைபோல் பின்னிக் கிடந்த ரத்தக்குழாய்களை. கைநாடி இல்லாததைச் சொன்னவர்கள் வேறு இருவர். ஆகவே 'தக்கயாசு தமனியழற்சி' என்றே வைப்போம். ஒற்றைக் ககரம் போட்டால் 'தஹயாசு' என்று வாசிக்கிறார்கள், அதனால்தான் க் இரட்டிப்பு.

காறையெலும்பின் மேல் ஸ்டெதஸ்கோப் வைத்தால் கேட்கும் ஊதல் ஒலிக்கு 'தமனி இரைச்சல்' என்று குறித்து வைத்திருக்கிறேன். 'முணுமுணுப்பு' என்ற சொல் இதயத்தில் கேட்கும் ஒலிக்குப் போய்விட்டது. இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.